கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த ஓர் அம்மா, அறிவுசார் மாற்றுத்திறனாளியான 19 வயது மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமாமே, டீச்சர்?" யார் சொன்னது என்றேன். சொந்தத்தில் ஒருவராம். எப்போதும் சொந்தத்தில் ஒருவர்தான்.

எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், பிள்ளை தரிக்காது. அவ்வளவுதான். சினைப்பை இருக்கிறவரை ஹார்மோன் சுரக்கும், ஆசையும் வரும். தப்பாகத் தொட வருகிறவன் கர்ப்பப்பை இருக்கிறதா என்று கேட்டுவிட்டா வருவான்? இல்லை என்று தெரிந்தால் அவனுக்குத்தான் வசதி. நடந்தது வெளியே தெரியவே தெரியாது. அவளுடைய சம்மதம் இல்லாமல் மலடாக்கும் சிகிச்சை எதுவும் கூடாது என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அவளுடைய சம்மதம், அத்தையுடையது அல்ல.

"பாப்பா இன்னும் குழந்தை டீச்சர்" என்றார். இல்லை அம்மா. சோதனையில் மனவயது 6 என்று வந்தால் உடம்புக்கு 6 ஆகிவிடாது. போக்சோ சட்டத்துக்கும் பிறந்த தேதிதான் கணக்கு, மனவயது அல்ல என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

விசாரித்தால், விஷயம் நாப்கின். அவளுக்கு மாற்றத் தெரியவில்லை. மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் பிடித்தவர்கள், இதைச் சொல்லித்தர மறந்துவிட்டார்கள். நாப்கினில் நாலு சொட்டு சிவப்பு மை விட்டு, ஒட்டுவது, எடுப்பது, சுருட்டிக் குப்பையில் போடுவது எனத் தினமும் பழக்குங்கள். படிப்படியாகப் படம் வரைந்து குளியலறைச் சுவரில் ஒட்டுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும்.

அப்புறம், உறுப்புக்குப் பெயர் சொல்லிக்கொடுங்கள். 'ச்சீ' என்பது பெயர் இல்லை. தானே குளிக்கத் தெரிந்தவளைக் குளிப்பாட்டாதீர்கள். யார் வேண்டுமானாலும் துணி மாற்றிவிடலாம் என்று பழகியவளுக்கு எந்தக் கை தப்பான கை என்று எப்படித் தெரியும்? மாமாவுக்கு முத்தம் கொடு என்று தள்ளிவிடாதீர்கள். "வேண்டாம்" என்றால் அது அடம் இல்லை. (சொன்னபடி கேட்கிற பிள்ளைக்கே 'நல்ல நடத்தை' என்று எழுதுகிறோம் நாங்களும். அந்தத் தப்பு எங்கள் மேல்.)

பையன்களைப் பெற்றவர்களே, கூடத்தில் கையை உள்ளே விட்டால் அடியும் சூடும் எதற்கு? "உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கோ" போதும். அதை அடக்க மாத்திரை கேட்டு வராதீர்கள், தயவுசெய்து.

யாராவது தொட்டதாகப் பிள்ளை சொன்னால் துணியைத் துவைக்காதீர்கள், திட்டாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098, பெண்களுக்கு 181 என்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

வியாழக்கிழமை அந்த அம்மாவும் மகளும் வருகிறார்கள். இந்தமுறை அவளை உள்ளே உட்காரவைத்துத்தான் பேச்சு. சிவப்பு மை வாங்கி வைத்திருக்கிறேன்.