கோக்கா இலைக்குச் சுண்ணாம்பு எதற்கு?

கொலம்பியாவின் வடகோடியில், கரீபியன் கடலோரம் எழும் சியரா நெவாடா டி சாந்தா மார்த்தா மலைகளில் வாழும் கோகி இனத்து ஆண்கள், போபோரோ என்னும் சிறு சுரைக்குடுக்கையைக் கையில் வைத்திருப்பார்கள். கிளிஞ்சலைச் சுட்டுப் பொடித்த சுண்ணாம்பு அதற்குள் இருக்கும். வாயில் கோக்கா என்னும் தென் அமெரிக்கச் செடியின் இலையை அடக்கிக்கொண்டு, எச்சிலில் நனைத்த குச்சியைக் குடுக்கைக்குள் விட்டு, அதில் ஒட்டிவரும் சுண்ணாம்பை இலையோடு சேர்ப்பார்கள். பிறகு குச்சியைக் குடுக்கையின் வாய் விளிம்பில் தேய்ப்பார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படித் தேய்த்ததில், விளிம்பைச் சுற்றி மஞ்சள் படிந்த கெட்டியான வளையம் ஒன்று வளர்ந்துவிடுகிறது.

பெருவிலும் பொலிவியாவிலும் கினோவாத் தண்டு போன்றவற்றை எரித்த சாம்பலைப் பிசைந்து, கட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். பொருள் வேறு, வேலை ஒன்றுதான். இலையிலுள்ள கொக்கைன் என்னும் போதைப்பொருள், அமிலங்களோடு பிணைந்த உப்பாக இருப்பதால், அந்த நிலையில் வாயின் உட்தோலை எளிதில் கடக்காது. சுண்ணாம்பிலும் சாம்பலிலும் உள்ள காரம் (அமிலத்துக்கு எதிரான பொருள்) சேர்ந்ததும் பிணைப்பு விட்டு, மின்னேற்றம் இழந்த மூலக்கூறு கொழுப்பாலான செல் சவ்வுக்குள் நுழைந்துவிடுகிறது. வட பெருவின் நான்சோக் பள்ளத்தாக்கில், சுமார் 8000 ஆண்டுகளுக்கு முந்தைய வீடுகளில் மென்ற கோக்கா இலைத் துணுக்குகளும் சுண்ணாம்பும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. வேதியியல் என்ற சொல்லே இல்லாத காலத்தில் கண்டறிந்த நுட்பம் இது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இலையை அடக்கிய கன்னம் சற்று நேரத்தில் மரத்துப்போகும். நரம்பில் செய்தி ஓட வேண்டுமானால் சோடியம் அயனிகள் அதன் வாயில்கள் வழியே உள்ளே பாய வேண்டும். கொக்கைன் அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. 1884-இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர் கொக்கைன் கரைசலைக் கண்ணில் விட்டு, விழியைத் தொட்டாலும் வலி தெரியவில்லை என்று காட்டினார். உறுப்பை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை செய்யும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

மூளையில் கொக்கைனின் வேலை வேறு. நரம்பணுக்கள் செய்தி கடத்த வெளியிட்ட டோபமைன் என்னும் வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சவிடாமல் அது தடுப்பதால், களைப்பும் பசியும் மறைகின்றன. உலர்ந்த இலையில் கொக்கைன் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். அதுவும் கன்னத்தின் வழியே மெல்ல மெல்லத்தான் இரத்தத்தில் கலக்கிறது. பிரித்தெடுத்த தூளோ சில நிமிடங்களில் மூளையை நிறைத்து, அடிமைத்தனத்தில் தள்ளுகிறது. இலையையும் தூளையும் ஒன்றாகப் பார்ப்பது அறிவியலுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

கோக்காச் செடி ஆந்திஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளுக்கு உரியது. (இதே பேரினத்தைச் சேர்ந்த செம்புளிச்சான் நம் வறண்ட காடுகளில் வளர்கிறது.) பொலிவியாவின் யுங்காஸ் பகுதியில் செங்குத்தான சரிவைப் படிகளாக வெட்டி நடுகிறார்கள், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இலையைக் கையால் உருவி, கல் பாவிய களத்தில் வெயிலில் பரப்புகிறார்கள். காய்ந்தும் நொறுங்காத பதத்தில் அள்ள வேண்டும். இடையில் மழை பிடித்தால் இலை கறுத்து விலை போகாது.

1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை, கோக்கா மெல்லும் வழக்கத்தை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்கச் சொன்னது. பொலிவியா அதிலிருந்து விலகி, தன் மண்ணில் இலை மெல்லும் மரபுக்கு விலக்குப் பெற்றுக்கொண்டு, 2013-இல் மீண்டும் இணைந்தது.