வீக்கம் வடிந்த பிறகுதான் வேலையே இருக்கிறது

திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு, ஐப்பசி மழை தொடங்கினால் கணுக்கால்கள் வரிசையாக வரும். பஸ் படியில் இறங்கும்போது, சாக்கடை மூடியின் விளிம்பில், மாடிப்படியின் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்து வைத்த காலில். "கால் பெரண்டுருச்சுங்க" என்பார்கள். அடுத்த வரி, "எலும்பு ஒண்ணும் ஆகலீங்ளே?" எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் அந்த முகத்தில் வரும் நிம்மதியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். கிழிந்த ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது.

போன வருடம் ஒரு டெய்லர் அக்கா வந்தார். பனியன் கம்பெனியில் பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷின். வலது கால், மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் எண்ணெய் போட்டு உருவிவிட்டு, நாலு நாள் வீட்டிலிருந்து, வீக்கம் வடிந்ததும் ஒன்றரை ஷிப்டுக்குப் போய்விட்டாராம். "வலி இல்லீங் மேடம், அப்புறம் எதுக்கு லீவு?" கேள்வி நியாயமானதுதான். லீவு போட்டால் அந்த நாள் கூலி இல்லை.

பாதம் உட்புறமாக மடங்கும்போது கணுக்காலின் வெளிப்பக்கம் இருக்கும் மூன்று ஜவ்வுகளில் முன்னால் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் அடிபடும். ஜவ்வு என்றால் எலும்பைக் கட்டிவைத்திருக்கும் வார் என்று மட்டும் நினைக்கிறோம். பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குத் தகவல் சொல்லும் நரம்பு முனைகளும் அதில்தான் இருக்கின்றன. கிழியும்போது அவையும் சேதமாகும். அப்புறம் பாதம் சாய்வது மூளைக்குத் தெரிந்து, தசை இழுத்துப் பிடிப்பதற்குள் கால் மடங்கிவிடுகிறது. வலி போய்விடும், இந்தத் தாமதம் தானாகப் போகாது. அந்த அக்காவுக்கு மூன்றாவது தடவை கால் மடங்கியது சமதரையில்.

அடிபட்ட அன்று பார்க்க வேண்டியது எலும்பைத்தான். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992ல் வெளியிட்ட விதிகளை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். கணுக்காலின் இரண்டு பக்க எலும்பு முண்டுகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பிலோ, உட்புற நடுப்பாதத்திலோ வலியா? அடிபட்டவுடனும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் நாலு அடி வைக்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்கள் வலியை நம்பவே கூடாது. பாதம் மரத்திருந்தால் எலும்பு உடைந்தாலும் பெரிதாக வலிக்காது. வீங்கிச் சூடாக இருக்கிறது, வலி மட்டும் இல்லை என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் உருவுதல், வெந்நீர் ஒத்தடம், சூடான புளி உப்புப் பற்று எதுவும் வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். ஐஸை வலிக்காக, துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்று 1978ல் எழுதிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014ல் எழுதினார். ஆகவே ஐஸால் ஜவ்வு ஒட்டும் என்று நம்பி நாள் முழுக்க வைக்காதீர்கள். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேலே சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துவிடுங்கள். வீக்கம் கீழே இறங்கி விரல்களில் கறுத்துத் தெரிவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். அது கசிந்த ரத்தம், தானாக மறையும்.

இனி வீடு. நம் வீடுகள் சுளுக்கிய காலுக்கு ஏற்றவையல்ல. இந்தியன் டாய்லெட்டில் குத்தவைக்க கணுக்கால் முழுதாக மடங்க வேண்டும்; சுளுக்கியவருக்கு அதுதான் முதலில் போகும், கடைசியில் திரும்பி வரும். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போடச் சொன்னால் முப்பது வயதுக்காரர்களுக்குக் கூச்சம். மூன்று வாரத்துக்குத்தான், பிறகு வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகும் என்பேன். குளிக்கும்போது முக்காலி போட்டு உட்காருங்கள். வெறுங்காலில் ஈரத் தரையில் நடப்பதைவிட, குதிகாலில் வார் வைத்த செருப்பை வீட்டுக்குள் போடுவது நல்லது. சமையலறையில் செருப்பா என்று மாமியார் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி பிடித்தால் நல்ல கால் பக்கத்துக் கையில். பெரும்பாலோர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். பைக்கில் கியரைப் பாதத்தின் மேல்பக்கத்தால் தூக்க வேண்டும், சிக்னலில் அதே இடது காலை ஊன்றவும் வேண்டும். இடது கால் சுளுக்கியவருக்கு இரண்டுமே ஆகாது. திடீரென்று காலை ஊன்றினால் வலிக்காது என்ற நம்பிக்கை வரும்வரை பின்சீட்டுதான்.

டெய்லர் அக்காவைச் சூப்பர்வைசர் இரக்கப்பட்டு, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்குக்கு மாற்றியிருந்தார். நாள் முழுக்க நிற்கிற வேலை, சாயங்காலம் கால் பூசணியாகிவிடும். பெடலை மிதிப்பதும் அப்போது ஆகாது. உட்கார்ந்து பிசிறு வெட்டுகிற வேலை கேட்கச் சொன்னேன், டீ இடைவேளையில் காலை இன்னொரு ஸ்டூலில் தூக்கி வைக்கச் சொன்னேன். இரண்டு வாரம் அப்படிப் போயிற்று.

அதற்குள் பயிற்சி தொடங்கிவிட்டோம். முதலில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, காற்றில் பெருவிரலால் அ, ஆ எழுதுவது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, முதலில் இரண்டு காலில், அப்புறம் ஒரு காலில். பெரும்பாலோர் விட்டுவிடுவது கடைசிப் பயிற்சியை: ஒற்றைக்காலில் நிற்பது. சுவருக்குப் பக்கத்தில் அரை நிமிடம் நின்று பாருங்கள். அது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு. அடிபட்ட காலில் நிற்கும்போது கணுக்கால் நடுங்குவதை நீங்களே உணர்வீர்கள். நல்ல காலளவுக்கு அந்த நடுக்கம் குறைகிறவரை, ஆறு முதல் எட்டு வாரம், தினமும். மீண்டும் மீண்டும் பிரள்வதைக் குறைப்பதில் இந்தப் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் உண்டு. பைசா செலவில்லை என்பதால்தானோ என்னவோ, யாரும் இதை வைத்தியமாக மதிப்பதில்லை.

அந்த அக்கா நேரமே இல்லை என்றார். பல் தேய்க்கிற நேரம் இருக்குமே என்றேன். பத்தாம் வாரம் வந்தபோது சுவரைத் தொடாமல் கண்ணை மூடிப் பதினெட்டு வினாடி நின்றார், நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருபது வரலீங்களா?" என்று இன்னொரு தடவை நின்றார்.