முன்பாய்க் கயிறு முதலில் விடுபட வேண்டும்

ஹோபி 16 போன்ற சிறிய கேட்டமரன்களை, அதாவது இரு மிதவைகள் கொண்ட பாய்மரப் படகுகளைச் சீரமைத்துத் தருவதும், அவற்றை ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் என் தொழில். ஜிப் ஷீட், அதாவது முன்பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு, எப்படி அமைந்தால் வேகம் கூடும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இறுகிய நிலையில் அந்தக் கயிறு எவ்வளவு எளிதாக விடுபடுகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

ஹோபி 16-இன் மிதவைகள் 5 மீட்டருக்குச் சற்று மேல் நீளமும், மெலிந்த முன்முனைகளும் கொண்டவை. பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ காற்று திடீரென வலுக்கும்போது, இறுக்கிக் கட்டிய முன்பாய் அந்த முனைகளை நீருக்குள் அழுத்தும். அப்போது கயிற்றை உடனே தளர்த்த முடியாவிட்டால், படகு முன்புறமாகக் குப்புறக் கவிழக்கூடும்.

இந்தப் படகில் கயிறு ஒரு ராட்செட் கப்பியை, அதாவது ஒரு திசையில் மட்டும் சுழலும் கப்பியைச் சுற்றிவந்து, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கேம் கிளீட்டின் இரு பல்லுள்ள கவ்விகளுக்கிடையே பிடிபடுகிறது. முன்பாயைக் கவனிப்பவர் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் தொங்கியபடி படகுக்கு வெளியே உடலைச் சாய்த்திருக்கும்போது, கிளீட் படகின் மறுபக்கத்தில் இருக்கும். இடையில் 2 மீட்டருக்கு மேல் தூரம். அவரது கை தளமட்டத்தை ஒட்டி இருப்பதால், கயிற்றை மேலே தூக்கிப் பற்களிலிருந்து விடுவிக்கப் போதிய கோணம் கிடைப்பதில்லை. கிளீட்டைத் தாங்கும் தகட்டைச் சற்றுத் தாழ்த்தினால் கயிறு பற்களுக்கு மேலே நிற்கும். பிடிக்கவைக்கக் கூடுதல் முயற்சி வேண்டியிருந்தாலும், விடுவிப்பது எளிதாகும். தகடு உயர்ந்திருந்தால் நாம் விரும்பாத நேரத்தில்கூடக் கயிறு தானாகப் பற்களில் விழுந்து சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டில் முதலாவதையே தயங்காமல் தேர்ந்தெடுங்கள். படகைக் கரையில் நிறுத்தி, மறுபக்க மிதவையை இருவர் அழுத்திப் பிடிக்க, கம்பியில் தொங்கியபடியே இதைச் சோதித்துவிடலாம்.

ராட்செட் கப்பியில் கயிறு சரியான திசையில் கோக்கப்பட்டிருந்தால், இழுக்கும்போது கடகடவென்ற ஒலி கேட்கும். திசை மாறியிருந்தால் பாயின் சுமை முழுவதும் கையில் இறங்கும். கை வலிப்பதால் முன்பாயைக் கவனிப்பவர் கயிற்றை எப்போதும் கிளீட்டிலேயே மாட்டி வைத்துவிடுவார், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய கயிறும் இதே விளைவைத் தரும். சுமார் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள, மென்மையான கயிறு கைக்கும் கிளீட்டுக்கும் பொருந்துகிறது. வால்பகுதி காலில் சுற்றாமல் இருக்க, அதை எலாஸ்டிக் கயிற்றால், மிதவைகளுக்கிடையே கட்டிய வலைக்கு அடியில் இழுத்து வைக்கலாம்.

இவற்றை முடித்த பிறகே பாயின் வடிவத்துக்கு வருவேன். முன்பாயின் முன்விளிம்பருகே ஒட்டியுள்ள நூலிழைகளில் காற்று வரும் பக்கத்திலுள்ளது துள்ளினால் கயிற்றைச் சற்று இழுக்க வேண்டும். மறுபக்கத்திலுள்ளது துள்ளினால் தளர்த்த வேண்டும். பெரிய பாயின் முன்பகுதி உட்பக்கமாகக் குழிந்தால், இரு பாய்களுக்கும் இடையே காற்று செல்லும் வழி அடைபடுகிறது என்று பொருள். அப்போது முன் குறுக்குச் சட்டத்திலுள்ள கப்பியைச் சற்று வெளிப்புறம் நகர்த்துங்கள்.

உப்பும் மணலும் கிளீட்டின் சுருள்வில்லை இறுக்கிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை கரையேறியதும் நன்னீரில் கழுவுங்கள். பற்களின் முனை மழுங்கியிருந்தால் கிளீட்டை மாற்றிவிடுங்கள். படகு கவிழ்ந்துவிட்டால், அதை நிமிர்த்தும் முன் இரு பாய்களின் கயிறுகளும் முழுமையாக விடுபட்டிருக்கின்றனவா என்று கையால் தொட்டு உறுதிசெய்யுங்கள்.