‘செயலாளர் பறவை’ அன்று, எழுத்தர் பறவை

ஆப்பிரிக்கப் புல்வெளிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுப்பவர்கள், நெடிய கால்களால் நிலத்தை அளந்தபடி நடக்கும் அந்தச் சாம்பல்நிறப் பறவை திரையில் தோன்றியவுடன் ‘செயலாளர் பறவை’ என்று அறிவிப்பது வாடிக்கையாகிவிட்டது. பொது அறிவுக் குறிப்புகளும் இதையே வழிமொழிகின்றன. ஆங்கிலத்தில் ‘செகரட்டரி பேர்ட்’ எனப்படும் பறவைக்கு இப்பெயர் ஏன் பொருந்தாது என்பதைப் பார்ப்போம்.

பெயரின் பிறப்பு சற்றுக் குழப்பமானது. நன்னம்பிக்கை முனையிலிருந்து ஹாலந்துக்கு உயிருடன் அனுப்பப்பட்ட ஒரு பறவையைக் கொண்டு, டச்சு இயற்கையியலாளர் ஆர்னௌட் வோஸ்மார் 1769இல் இதனை விவரித்தார். இதன் நடை வில்லாளியின் நடையை ஒத்திருப்பதால் அங்கிருந்த டச்சுக் குடியேறிகள், லத்தீனில் வில்லாளி எனப் பொருள்படும் ‘சாகிட்டாரியஸ்’ என்று அழைத்ததாகவும், பூச்சி, எலிகளை ஒழிக்க இதை வீட்டருகே வளர்த்த உழவர்களின் வாயில் அது ‘செக்ரட்டாரியஸ்’ எனத் திரிந்திருக்கலாம் என்றும் அவர் எழுதினார். திரிந்தது மறுதிசையில்தான், அதாவது உழவர் சொன்ன ‘செக்ரட்டாரியஸ்’ என்பதையே வோஸ்மார் பிழையாகக் கேட்டார் என்பாரும் உளர். வல்லூறைக் குறிக்கும் ‘சக்ர்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு. நன்னம்பிக்கை முனையின் டச்சு உழவருக்கு அரபுப் பெயர் எவ்வழியே வந்து சேர்ந்தது என்பதை அது விளக்குவதில்லை. பரவலாகச் சொல்லப்படும் காரணம் பறவையின் தோற்றம்: பிடரியில் நீண்டு நிற்கும் கரிய இறகுகள், காதில் இறகுப் பேனாவைச் செருகிக்கொண்ட பழைய ஐரோப்பிய எழுத்தரையும், சாம்பல் உடலும் தொடையை மூடிய கருஞ்சிறகும் அவருடைய மேலங்கியையும் முழங்கால் வரையிலான காற்சட்டையையும் நினைவூட்டின. எப்படியாயினும், பெயரில் நிற்கும் ‘செகரட்டரி’ மேசைமுன் அமர்ந்து கடிதம் எழுதுபவர், ஆணையிடுபவர் அல்லர்.

இங்குதான் ‘செயலாளர்’ வழுக்குகிறது. செயலை ஆள்பவர் செயலாளர். ‘காரியதரிசி’ என்பதற்கு மாற்றாக வேரூன்றிய நல்ல தமிழ்ச் சொல் அது. அதன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகரின் மனத்தில் எழுபவர் யார்? தலைமைச் செயலாளர், கட்சியின் மாவட்டச் செயலாளர், சங்கச் செயலாளர். இவர்களில் எவர் காதிலும் பேனா இல்லை. பறவையைப் பார்க்கும் சிறுவன் ‘ஏன் இந்தப் பெயர்?’ என்று கேட்டால், ‘செயலாளர் பறவை’ என்று சொல்லிக்கொடுத்தவரிடம் விடை இராது. பெயர் இருந்தும் உவமை செத்துவிட்டது. அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்துப் பெயர்முன் ஒட்டிவிடும் பழக்கமே இதற்குக் காரணம். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரை ‘வெளியுறவுச் செயலாளர்’ என்று எழுதி, அமைச்சரை அதிகாரியாக்கிவிடும் செய்தி மொழிபெயர்ப்பும் இதே பழக்கத்தின் பிள்ளைதான். ஒரு சொல் எந்தக் காலத்தில், எந்த நாட்டில், எந்தப் பணியைக் குறித்தது என்று கேட்காமல் மொழிபெயர்ப்பவர், சொல்லை மாற்றுகிறாரே தவிரப் பொருளைக் கொண்டுவருவதில்லை.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க விரும்பும் தனித்தமிழ் அன்பர்கள் சிலர், அயற்பெயரே வேண்டா என்று ஒதுக்கிவிட்டுப் ‘பாம்புண்ணிக் கழுகு’ என்று புனைகின்றனர். அறிவியற்பெயரின் இரண்டாம் பகுதியான ‘செர்ப்பென்டாரியஸ்’ பாம்பைக் குறிப்பது இவர்களுக்குத் துணை. நோக்கம் நன்று, ஆயினும் பெயர் இருவகையில் தவறு. முதலாவது, மேற்குத் தொடர்ச்சி மலையில் வட்டமிடும் பாம்புக் கழுகுகள் நமக்கு முன்பே உள்ளன. இப்பறவையோ கழுகுகளின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, தனக்கென ஒரு குடும்பமும் அதில் தான் ஒன்றே இனமுமாக நிற்பது. இரண்டாவது, இதன் உணவில் பாம்பைவிட வெட்டுக்கிளியும் எலியுமே மிகுதி. கழுகைப்போல் வானிலிருந்து பாய்ந்து கவ்வுவதும் இதன் இயல்பன்று. நாளெல்லாம் புல்லுக்குள் நடந்து, இரையை வெளியே கிளப்பி, காலால் உதைத்துக் கொல்கிறது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் வளர்ப்புப் பறவையொன்றை வைத்துச் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், அந்த உதையின் விசை அதன் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு என்றும், கால் இலக்கைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ 15 மில்லிவினாடி மட்டுமே என்றும் கண்டறிந்தனர். நான்கு கிலோ எடைகொண்ட பறவைக்கு இது பெரிய காரியம். இதனால் ‘உதைபருந்து’ என்றொரு பெயர்கூட எனக்குத் தோன்றியது. பருந்து என்றால் நம் ஊர்ச் செம்பருந்தும் கரும்பருந்துமே நினைவுக்கு வரும் என்பதால் விட்டுவிட்டேன்.

பெயர்ப் பூசலைச் சில்லறைச் சண்டை என்று தள்ளிவிட முடியாத நிலையில் பறவை இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2011இல் இதனை அழிவாய்ப்பு இனமாகவும், 2020இல் அதைவிடக் கடுமையான நிலையான அருகிய இனமாகவும் அறிவித்தது. சகாராவுக்குத் தெற்கே திறந்த புல்வெளிகள் உழுநிலமாவதும், மேய்ச்சல் மிகுவதும், புதர் மண்டுவதும் நடந்து வேட்டையாடும் பறவைக்கு நேரடிக் கேடு. மின்கம்பிகளிலும் வேலிகளிலும் மோதி இறப்பவையும் உண்டு. கூடோ முள்மரங்களின் உச்சியில், குச்சிகளை அடுக்கிய மேடையாக அமைவது; ஆகவே புல்வெளியோடு ஆங்காங்கே தனிமரமும் வேண்டும். தென்னாப்பிரிக்கா 2000இல் ஏற்ற அரசுச் சின்னத்தில் சிறகு விரித்து நிற்பதும், சூடானின் சின்னத்தில் நிற்பதும் இதுவே. இத்தனையையும் தமிழில் எழுதும்போது ஒரே பறவைக்குச் செயலாளர், செயலர், காரியதரிசி, பாம்புண்ணி என்று நான்கு பெயர் வழங்கினால், படிப்பவர் நான்கு பறவைகள் என்றே கொள்வார்.

என் பரிந்துரை ‘எழுத்தர் பறவை’. அலுவலகத்தில் எழுதும் பணியாளரை எழுத்தர் என்றே இன்றும் அழைக்கிறோம். மூலப்பெயரின் உவமையும் சிதையவில்லை. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் இப்பறவையின் பெயரில் உள்ள ‘கரானி’ என்பதும் எழுத்தரையே குறிக்கும். அது இந்தியப் பக்கத்திலிருந்து கடல் கடந்த சொல் என்பதும், நம் ஊர்க் கணக்கரைக் குறித்த ‘கர்ணம்’ அதற்கு உறவு என்பதும் சொல்லாராய்ச்சியாளர் கருத்து. ‘கணக்குப்பிள்ளைப் பறவை’ என்றும் சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். காதில் பென்சில் செருகிய மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை நமக்கு நன்கு தெரிந்தவர்தான். ஆனால் ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’ என்று தொல்காப்பியம் பறவைக் குஞ்சுக்குப் பிள்ளை என்னும் பெயரைத் தந்திருப்பதால், அது வேடிக்கையாக முடிந்துவிடும்.

எழுதும் முறை பற்றி ஒன்று: ‘எழுத்தர்ப் பறவை’ என ஒற்று மிகுத்து எழுத வேண்டியதில்லை. உயர்திணைப் பெயரின் ஈற்று மெய் வல்லினம் வரினும் இயல்பாகும் என்பது நன்னூல் விதி.