இருட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று எடுத்த படம். முன்னால் நிழல் படிந்த பாறை, அடியில் வெயிலில் வெளிறிக் கிடக்கும் சேலம். அதை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் முப்பரிமாணமாக அச்சிட்டு மேசையில் வைத்திருக்கிறேன். தடவிப் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நிழல் விழுந்த பள்ளம் மேடாகவும், வெயில் பட்ட கூரை குழியாகவும் அல்லவா இருக்கிறது! ஜன்னலுக்கு எதிரே பிடித்தால்தான் மலையும் ஊரும் தெரியும்.

கனமான இடம் ஒளியைத் தடுத்து இருட்டாகும், மெல்லிய இடம் வெளிச்சமாகும். இதற்கு லித்தோபேன் என்று பெயர். 1827-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற பீங்கான் கலை. அன்று மெழுகில் கையால் செதுக்கி அச்சு எடுத்தார்கள். இன்று சின்னஞ்சிறு பைதான் நிரல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நிரலுக்கு மலையும் தெரியாது, ஊரும் தெரியாது. வெளிச்சம் மட்டுமே தெரியும். வண்ணத்தைக் களைந்து, ஒவ்வொரு பிக்சலையும் 0 (கருப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஓர் எண்ணாக்குகிறது. அந்த எண்ணை 255-இலிருந்து கழித்தால் கிடைப்பது இருட்டின் அளவு. வெள்ளைக்கு 0.8 மி.மீ. கனம், கருப்புக்கு 3 மி.மீ. என்று வைத்தால், 230 உள்ள வானம் 1 மி.மீ., 20 உள்ள பாறை 2.8 மி.மீ. முதல் தடவை நான் கழிக்க மறந்தேன். ஐந்து மணி நேரம் ஓடி வந்த அச்சில் வானம் கறுத்து, பாறை பளபளத்தது. பழைய பிலிம் நெகட்டிவேதான்!

கழித்தாலும் படம் சற்று இருண்டே வரும். காரணம், ஒளி கனத்துக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஒரு மி.மீ. பிளாஸ்டிக் பாதி ஒளியை விழுங்குகிறது என்று கொள்வோம், இரண்டு மி.மீ. தாண்டி வருவது கால்பங்கு, மூன்று தாண்டினால் அரைக்கால். ஆகவே கனத்தை மடக்கை (லாகரிதம்) கணக்கில் திருத்த வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. படத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

அடுத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை முக்கோணங்களாகத் தைப்பது. 250-க்கு 188 புள்ளிகள் என்றால் மேற்பரப்புக்கு மட்டும் 93,126 முக்கோணங்கள். முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் பைனரி எஸ்டிஎல் கோப்பில் முக்கோணத்துக்கு 50 பைட் வீதம் நாலரை மெகாபைட்டுக்கு மேல்.

தகட்டைப் படுக்க வைத்து அச்சிடாதீர்கள். அச்சுப்பொறி அடுக்கடுக்காகத்தான் கட்டுகிறது. 0.2 மி.மீ. அடுக்குகளில் 2.2 மி.மீ. வேறுபாட்டுக்குப் பதினொரு படிகள்தான் கிடைக்கும், படமெல்லாம் திட்டுத்திட்டாகிவிடும். நிறுத்தி வைத்தால் கனத்தைத் தீர்மானிப்பது உருகிய பிளாஸ்டிக்கைப் பிழியும் முனையின் பக்கவாட்டு நகர்வு. அது மிக நுண்ணியது.

அச்சுக்கு உருகும் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) என்ற பிளாஸ்டிக் இழை மாவுச்சத்திலிருந்து வருவது. மாவைச் சர்க்கரையாக்கி, புளிக்கவைத்து, தயிரில் உள்ள அதே லாக்டிக் அமிலமாக மாற்றி, அதைச் சங்கிலியாகக் கோத்துப் பிளாஸ்டிக் ஆக்குகிறார்கள். மரவள்ளியிலும் செய்யலாம். ஜவ்வரிசி ஆலைகள் சூழ்ந்த சேலத்துக்காரன் இதைச் சொல்லாமல் விட மாட்டான்.

விரலுக்கு உண்மையான மலை வேண்டுமா? நிரலை அதிகம் மாற்ற வேண்டியதில்லை. புகைப்படத்துக்குப் பதில் உயரத் தரவைக் கொடுத்து, கழித்தலையும் மடக்கையையும் எடுத்துவிடுங்கள். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடாரால் அளந்த உயரத் தரவு, 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாக இலவசமாகவே கிடைக்கிறது. 25 கி.மீ. நிலத்தை 10 செ.மீ. அகலத்தில் அடக்கினால், சேலத்திலிருந்து சேர்வராயன் உச்சிவரை சுமார் 1,300 மீட்டர் ஏற்றம் 5 மி.மீ.தான். உயரத்தை மட்டும் இரண்டு மடங்காக்கிக்கொள்ளலாம். 0.4 மி.மீ. முனை தரையில் 100 மீட்டரை மூடிவிடுவதால், பஸ் மூச்சிரைக்க ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றுகூட விரலில் தட்டுப்படாது.