"வித்ட்ரா பண்ணா புரொஃபசர் கோவிச்சுக்குவாரா சார்?"

செமஸ்டரின் ஒன்பதாவது வாரம். வகுப்புக்குக் கிளம்புமுன் பெயர்ப் பட்டியலைத் திறந்தால், வெள்ளிக்கிழமை 38 ஆக இருந்தது திங்கட்கிழமை 36 ஆகியிருக்கும். யார் அந்த இரண்டு பேர் என்று தேடுவேன். ஒருவர் முதல் மிட்டர்ம் எழுதியதோடு சரி, முகம்கூட மறந்துவிட்டது. இன்னொருவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த பெண். அந்தப் பெயர்தான் அன்று முழுக்க உறுத்தும்.

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நம் ஊரிலிருந்து எம்.எஸ். படிக்க வரும் பிள்ளைகள், தமிழ் பேசுகிற ஆள் என்பதால் என் அறைக் கதவைத் தட்டுவார்கள். ஒவ்வொரு செமஸ்டரிலும் தவறாமல் வரும் கேள்வி, தலைப்பில் இருப்பது. என் வகுப்பிலிருந்து விலக நினைப்பவர் இதை என்னிடம் கேட்பதில்லை. வேறொருவர் வகுப்பிலிருந்து விலக நினைப்பவர்தான் கேட்கிறார். என் வகுப்புப் பிள்ளைகள் இதே கேள்வியோடு வேறு யார் வாசலில் நிற்கிறார்களோ!

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நாம் படித்த கல்லூரிகளில் பாடத்தை நடுவில் கைவிடுவது என்ற பேச்சே கிடையாது. தேறவில்லை என்றால் அரியர். அதை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். ஒரு வாத்தியார் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது அவரை அவமதிப்பது. அந்தப் பழக்கத்தோடு இங்கே வருகிறவருக்கு வித்ட்ரா பொத்தானை அமுக்கக் கை நடுங்குவது இயல்புதான்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். செமஸ்டர் தொடங்கி முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் பாடத்தை டிராப் செய்தால் சான்றிதழில் தடயமே இருக்காது. அதற்குப் பிறகு, கல்லூரி குறித்திருக்கும் கடைசித் தேதிக்குள் விலகினால், மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ' என்று ஒரு எழுத்து வரும். அதற்கு மதிப்பெண் கிடையாது, ஜிபிஏ என்னும் மதிப்பெண் சராசரியைத் தொடாது. மூன்று பாடம் எடுத்த ஒருவர் இரண்டில் 'ஏ', ஒன்றில் 'எஃப்', அதாவது ஃபெயில், வாங்கினால் ஜிபிஏ 2.67. அந்த மூன்றாவது பாடத்தில் 'டபிள்யூ' இருந்தால் 4.0. முதுகலையில் பெரும்பாலான இடங்களில் 3.0க்குக் கீழே போனால் எச்சரிக்கைக் கடிதம் வரும், பல்கலைக்கழகம் தரும் பகுதிநேர வேலையான அசிஸ்டன்ட்ஷிப்பும் ஆட்டம் காணும். கட்டிய ஃபீஸ் போய்விடுமே என்பார்கள். ஆமாம், அந்தத் தேதியில் பெரும்பாலும் திரும்பாதுதான். 'எஃப்' வாங்கினாலும் அது திரும்பாது.

சரி, நாங்கள் என்ன நினைக்கிறோம்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு விலகலையும் என் முகத்தில் விழுந்த அடியாக எடுத்துக்கொண்டேன். வேகமாகப் போனேனோ, வீட்டுப்பாடம் அதிகமோ என்று ராத்திரி உட்கார்ந்து பழைய மின்னஞ்சல்களைப் புரட்டுவேன். பல ஆண்டுகளில் அது மாறிவிட்டது. விலகுகிறவர்களில் பலருக்கு என் பாடம் ஒரு பொருட்டே இல்லை. இரவு வேலை, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, ஒரே செமஸ்டரில் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்ட சுமை, இவைதான் காரணம். உண்மையைச் சொன்னால், சில விலகல்களில் நிம்மதிகூட உண்டு. இருபதுக்கு மூன்று வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு 'எஃப்' போடும் வேலை எனக்கு இல்லாமல் போகிறதே!

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மாணவர்களுக்குத் தெரியாதது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் 'டி', 'எஃப்', 'டபிள்யூ' என்று நிர்வாகம் கூட்டிப் பார்க்கும். அந்த விகிதம் உயர்ந்தால், ஒப்பந்தத்தில் செமஸ்டருக்குச் செமஸ்டர் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு வயிற்றில் புளி கரைக்கும். நிரந்தரப் பணியில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அவ்வளவு பயமில்லை. இது எங்கள் பாடு. இதற்காக நீங்கள் உங்கள் ஜிபிஏவைப் பலி கொடுக்க வேண்டாம்.

உண்மையிலேயே கோபம் வருவது ஒன்றே ஒன்றுக்கு: விலகாமலே காணாமல் போவது. வகுப்புக்கு வருவதில்லை, அஞ்சலுக்குப் பதிலில்லை, வித்ட்ராவும் செய்வதில்லை. கடைசித் தேதி தாண்டிவிடும். டிசம்பரில் 'எஃப்' போட உட்கார்ந்தால், இவர் கடைசியாக வகுப்பில் கலந்துகொண்ட தேதி என்ன என்று கணினி என்னைக் கேட்கும். அரசு உதவித்தொகையில் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளை எல்லாப் பாடங்களையும் 60 சதவீத செமஸ்டர் முடிவதற்குள் கைவிட்டிருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பகுதி அரசுக்குத் திரும்பிப் போக வேண்டும். அதற்குத்தான் அந்தத் தேதி. செப்டம்பர் மாத விடைத்தாளைத் தேடி எடுத்து அந்தத் தேதியை நிரப்பும்போது, வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். வித்ட்ரா பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், பின்னால் அல்ல. இளங்கலைக்கு 12 கிரெடிட், முதுகலைக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் 9 கிரெடிட் இருந்தால்தான் முழுநேர மாணவர். அதற்குக் கீழே போக அந்த அலுவலகத்தின் டிஎஸ்ஓ என்னும் அதிகாரி முன்கூட்டியே அனுமதித்து, வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸில் பதிய வேண்டும். ஆங்கிலத்தில் தொடக்கத் தடுமாற்றம், இங்குள்ள பாடமுறை பழகாமை, தகுதிக்குப் பொருந்தாத நிலையில் பாடம் எடுத்துவிட்டது போன்ற படிப்புக் காரணங்களுக்கு அந்த அனுமதி ஒரு பட்டத்துக்கு ஒரே முறைதான். அப்போதும் முழுச்சுமையில் பாதியாவது எடுத்தாக வேண்டும். மருத்துவக் காரணம் என்றால் டாக்டர் கடிதத்தோடு, மொத்தம் 12 மாதம் வரை இடமுண்டு. அனுமதியில்லாமல் குறைத்தால் விசா நிலையே பறிபோகலாம். "ரூம்மேட் சொன்னான் சார்" என்று வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு அடிவயிறு கலங்கும். உங்கள் மாணவர் தகுதிக்கான ஐ-20 படிவத்தில் கையெழுத்துப் போடுவது ரூம்மேட் இல்லை.

ஆசிரியரிடம் என்ன சொல்வது என்று தயங்க வேண்டியதில்லை. மன்னிப்பு, குடும்பக் கதை, மூன்று பக்கக் கடிதம், எதுவும் வேண்டாம். இதுவரை வாங்கிய மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் 'பி' எட்ட முடியுமா என்று நேராகக் கேளுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் கேளுங்கள், அன்று மாலை நாலே முக்காலுக்கு இல்லை. என்னிடம் அப்படி வந்தவர்களில் பாதிப் பேரை, விலகவே வேண்டாம், இறுதித் தேர்வில் இவ்வளவு எடுத்தால் போதும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மீதிப் பேரிடம் போய்விடு, அடுத்த வருஷம் வா என்றிருக்கிறேன். அந்த முன்வரிசைப் பெண் வரவில்லை. வந்திருந்தால், அவர் முதல் பாதிக்காரர்.

ஒரு முறை கோயம்புத்தூரிலிருந்து ஒரு அப்பா போன் செய்தார். பையன் நன்றாகப் படிக்கிறானா என்று கேட்டார். மாணவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம் மதிப்பெண் விவரம் சொல்ல 1974இல் வந்த சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அவன் பத்து நாளுக்கு முன்பே என் வகுப்பிலிருந்து விலகியிருந்தான். முறைப்படி அனுமதி வாங்கி, சரியாகத்தான் செய்திருந்தான். அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. "நீங்களே தம்பிகிட்ட கேளுங்க சார். திட்டாம கேளுங்க" என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார்.