லென்ஸ் வளையத்தில் ஓர் ஒடுக்கு

கல்யாண ஃபோட்டோ எடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மேடையிலிருந்து இறங்கும்போது லென்ஸ் கைதவறி விழுந்துவிட்டது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, படமும் நன்றாகவே வருகிறது. முன்வளையத்தில் மட்டும் ஓர் ஒடுக்கு. ஃபில்டர் ஏற மாட்டேன் என்கிறது. குறடு போட்டு நிமிர்த்திப் பார்த்தேன், முன்னைவிட மோசமாகிவிட்டது. ஏன்?"

முதலில் மரையை, அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் கண்ணாடி திருகி ஏறும் சுற்றுப் பள்ளத்தைப் பார்ப்போம். 67 மி.மீ. ஃபில்டர் என்றால் அது ஒரு முழுச் சுற்றுக்கு இறங்குவது வழக்கமாக 0.75 மி.மீ.தான். மரையின் பல் ஆழம் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. தண்ணீர் பாட்டில் மூடியோ 28 மி.மீ. அகலத்தில் சுற்றுக்கு ஏறக்குறைய 3 மி.மீ. இறங்கும். அதனால்தான் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒற்றைக் கையால் பாட்டிலை மூட முடிகிறது. மூடி ஐந்து டிகிரி சாய்ந்தாலும் தானாக வழிக்கு வந்துவிடும். ஃபில்டருக்கு அந்தச் சலுகை இல்லை. முக்கால் டிகிரி சாய்வு போதும், ஒரு பக்கம் சரியான பள்ளத்திலும் எதிர்ப்பக்கம் அடுத்த பள்ளத்திலும் மாட்டிக்கொள்ளும். ஆகவே எந்த ஃபில்டரையும் முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். 'டிக்' என்று ஓர் இடத்தில் விழும். மரையின் வாய் அதுதான். அங்கிருந்து முன்பக்கம் சுற்றினால் நேராக ஏறும்.

இவ்வளவு நுணுக்கமான இடத்தில் அலுமினிய வளையம் அரை மில்லிமீட்டர் உள்ளே போனாலே கதவு சாத்தியாகிவிட்டது. சரி, உள்ளே போனதை வெளியே தள்ளினால் தீர்ந்தது என்றுதானே தோன்றும்?

மேசையில் இருக்கும் ஜெம் கிளிப் ஒன்றை எடுத்து நேராக்கிக்கொள்ளுங்கள். நேரான பகுதியின் நடுவில் செங்கோணமாக ஒருமுறை மடக்குங்கள். இப்போது அதை மீண்டும் நேராக்கிப் பாருங்கள். மடங்கிய இடம் சின்னத் திமில் மாதிரி அப்படியே நிற்கும். அதன் இரண்டு பக்கமும் கம்பி எதிர்த்திசையில் வளைந்திருக்கும். நீங்கள் நிமிர்த்த நினைத்த இடம் அசையவில்லை, பக்கத்து இடம் வளைந்து கொடுத்திருக்கிறது. நம் வாசகரின் குறடு செய்ததும் இதையேதான்.

காரணம் உலோகத்துக்குள்ளே இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். முனையைப் பிடித்து இழுத்தால் நாலு பேருக்கும் மூச்சு வாங்கும். விவரம் தெரிந்தவர் இழுக்க மாட்டார். ஓரத்தில் ஒரு சுருக்கம் எழுப்பி, அதைக் காலாலேயே மறு ஓரம்வரை தள்ளிக்கொண்டு போவார். சுருக்கம் வெளியேறும்போது ஜமுக்காளம் முழுவதும் நகர்ந்திருக்கும். உலோகம் வளைவதும் இப்படித்தான். வரிசையாக அடுக்கியிருக்கும் அணுக்களில் ஒரு முழு அடுக்கு இன்னோர் அடுக்கின்மேல் ஒரே நேரத்தில் வழுக்க வேண்டுமென்றால், மென்மையான தூய உலோகத்தைக்கூட வளைக்க நாம் கொடுப்பதைப்போலப் பல நூறு மடங்கு விசை வேண்டும். அடுக்கில் எங்கோ ஒரு பிசகு இருக்கிறது, அந்தப் பிசகு மட்டும் சுருக்கம்போல ஊர்ந்து போகிறது. அதனால்தான் அலுமினியம் நம் கைக்கு வளைகிறது.

ஜமுக்காளத்தில் ஒரு சுருக்கம் இருந்தால் சுலபம். நாலு பேர் நாலு திசையிலிருந்து ஆளுக்கொரு சுருக்கத்தைத் தள்ளினால்? நடுவில் மோதிக்கொண்டு முடிச்சாகும், எதுவும் நகராது. உலோகத்தை வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகுகின்றன, ஒன்றோடொன்று சிக்குகின்றன. வளைந்த இடம் அக்கம்பக்கத்தைவிடக் கெட்டியாகிவிடுகிறது. மேலும் மேலும் வளைத்தால் நகர இடமில்லாமல் விரிசல் விடுகிறது.

இந்தப் பிசகு என்ற கருத்தை 1934இல் டெய்லர், ஓரோவன், போலன்யி என்ற மூன்று விஞ்ஞானிகளும் தனித்தனியாக எழுதினார்கள். அப்போது யாரும் அதைப் பார்த்ததில்லை. 1956இல்தான் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பிசகுகள் ஊர்வதை நேரடியாகப் பார்த்தார்கள். பார்த்த உலோகம் அலுமினியத் தகடு! இருபத்திரண்டு வருடம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் இன்று நிதி கேட்டுப் போனால், "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். விண்ணப்பம் அத்தோடு போயிருக்கும்.

பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கு இந்தச் சிக்கலின் விடை நுண்ணோக்கி வருவதற்கு எவ்வளவோ முன்பே தெரியும். பித்தளையைக் கொஞ்ச நேரம் தட்டுவார்கள், கெட்டிப்பட்டதும் நெருப்பில் காய்ச்சி ஆறவிடுவார்கள், பிறகு மறுபடி தட்டுவார்கள். சூட்டில் அணுக்கள் புதிதாக அடுக்கிக்கொள்ள, முடிச்சுகள் கரைந்துபோகும். லென்ஸில் அந்த வழி இல்லை. அலுமினியம் இளக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்குள் லென்ஸின் பசையும் கிரீஸும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, குளிர்ந்த நிலையில், முன்னும் பின்னுமாக வளைப்பதைக் கூடியவரை குறைத்து நிமிர்த்த வேண்டும். முதலில் பழைய பல் பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து பள்ளத்தை அடைத்திருப்பதை நானே குண்டூசியால் எடுத்திருக்கிறேன். பிறகு 'லென்ஸ் வைஸ்' என்ற கருவி. வளைந்த இரண்டு தாடைகள், நடுவில் ஒரு திருகு. திருகினால் தாடைகள் விரிந்து வளையத்தை உள்ளிருந்து வெளியே தள்ளும். குறடு ஒரே புள்ளியில் அழுத்துகிறது. தாடையின் வளைவோ வளையத்தின் வளைவுக்கு நெருக்கமாக இருப்பதால் பக்கத்து இடத்துக்கும் முட்டுக் கொடுக்கிறது, அது தன்பாட்டுக்கு வளையாமல் பார்த்துக்கொள்கிறது. கொஞ்சம் திருகி, தாடையை இடவலமாக நகர்த்தி, மறுபடி கொஞ்சம். விட்டதும் உலோகம் சற்றே திரும்பி வரும், எனவே வட்டத்தைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ள வேண்டியிருக்கும். வளையம் பிளாஸ்டிக்கா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், கேமராவோடு சேர்த்தே வரும் பல கிட் லென்ஸ்களில் அப்படித்தான். அங்கே இந்த வித்தை எடுபடாது, உடையும்.

வட்டம் திரும்பிய பிறகும் நசுங்கிய பல் இருக்கும். பழைய ஃபில்டரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வளையத்தின் மரையில் மூன்று இடத்தில் அரத்தால் வெட்டிக் கொடுத்தால் லேத் பட்டறையில் மரை வெட்டும் 'டேப்' கருவி போலவே அது பல்லைச் சீவிக்கொண்டு போகும். பித்தளை வளையம் என்றால் உத்தமம், அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் ஒட்டிப்பிடிக்கும் சுபாவம் உண்டு. லென்ஸின் முகத்தை ஒட்டும் நாடாவால் மூடி, தலைகீழாகப் பிடித்துச் செய்யுங்கள். உலோகத்தூள் கண்ணாடியில் விழுந்தால் ஒடுக்கே பரவாயில்லை என்றாகிவிடும்.

"ஃபில்டர் போட்டிருந்தால் லென்ஸ் தப்பியிருக்கும்" என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருந்தார். ஃபில்டர் உடைந்து லென்ஸ் பிழைத்தால் ஃபில்டர் காப்பாற்றியது என்கிறோம். மெல்லிய கண்ணாடி, அது எப்படியும் உடைந்திருக்கும். தாயத்தும் இந்தக் கணக்கில்தான் பேர் வாங்குகிறது. ஃபில்டரின் வளையம் கொஞ்சம் அடியைத் தாங்குவது உண்மை. அந்த வளையமே ஒடுங்கி லென்ஸின் மரையோடு இறுகிக்கொண்டால்? இரண்டு விரலால் கிள்ளித் திருகாதீர்கள், வட்டம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். கழுவிக் காயவைத்த ஹவாய் செருப்பின் அடிப்பக்கத்தில் லென்ஸைக் கவிழ்த்து, சமமாக அழுத்தித் திருப்புங்கள்.

என்னிடம் 52 மி.மீ. ஃபில்டர் ஏறும் பழைய லென்ஸ் ஒன்று உண்டு. ஒடுக்கு எடுத்த பிறகும் ஃபில்டர் ஒன்றரைச் சுற்று போய் நின்றுவிடுகிறது. கீழே விழாத அளவுக்கு அது பிடிக்கிறது. அதற்குமேல் நான் கை வைக்கவில்லை.